இடப்பக்கம்

பத்தொன்பதாம் நாள் ராத்திரி
இடப்பக்கம் கல்லாகிவிட்டது.
கல் என்றால் குளிர்ந்த கல் இல்லை.
மாட்டுத்தாவணியில் மே மாத வெயிலில்
மறந்து வைத்த இரும்பு எடைக்கல்லை
எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன் ஒருமுறை.
அந்தச் சூடு.

போன் வெளிச்சத்தில் பார்த்தேன்.
அக்குளிலிருந்து காம்புவரை
ஆப்பு அடித்ததுபோல் ஒரு சிவப்பு.
காம்பில் விரிசல்.
காய்ந்த கண்மாய் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.
இல்லை,
பிளேடு பட்ட மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

நாத்தனார் ஒச்சம்மாள் தொடாமலே சொன்னாள்:
"பால் கட்டிக்கிருச்சு.
மல்லிப்பூவ வச்சுக் கட்டு, வத்திப்போயிரும்."

ஏழு வருஷமாக
கமிஷன் கடையில் மல்லியை நிறுத்துப் போடுகிறவள் நான்.
மறுநாள் முகூர்த்தம், கிலோ இரண்டாயிரத்து நானூறு.
ஒரு மார்புக்கு எத்தனை கிராம் என்று
கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.
அவர் நூறு வாங்கி வந்தார்.
இலையோடு கையில் வாங்கியதும் தெரிந்தது,
எண்பதுதான்.
நூற்று மூன்று காய்ச்சலிலும்
ஏமாந்தது தெரிந்தது.

கட்டினோம்.
உடம்புச் சூட்டில் மொட்டெல்லாம்
வேளை கெட்ட வேளையில் விரிந்து
விடியுமுன் பழுப்பாயின.
பல் தந்தியடித்தது.
பிள்ளை வலப்பக்கம் குடித்தது,
இடப்பக்கம் கொண்டுபோனால்
முகத்தைத் திருப்பியது.
வாசமா, உப்பா, என் நடுக்கமா,
அதற்கு மட்டும்தான் தெரியும்.

ஷேர் ஆட்டோவில் கோரிப்பாளையம்வரை
பதினொரு வேகத்தடை.
பாலத்தின் மேல் இரண்டு பள்ளம்.
ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டேன்.
எதிரே இருந்தவர் வைகையைப் பார்க்கத் தொடங்கினார்.
வைகையில் பார்க்க ஒன்றுமில்லை.

பெரியாஸ்பத்திரியில் ரெஜினா சிஸ்டர்
பூவை உரித்து வாளியில் போட்டார்.
திட்டவில்லை, அதுவே அழுகையாக வந்தது.
"நிறுத்திராதம்மா. நிறுத்துனா இன்னும் கட்டும்.
குடுக்கக் குடுக்கத்தான் எறங்கும்."
பூ நிறுத்து நிறுத்து
அந்தச் சொல்லில் எடை மட்டுமே
கேட்டுப் பழகிய காது எனக்கு.

உள்ளே சீழ் வைத்திருந்தது.
ஸ்கேனில் பார்த்து, மரத்துப்போக மருந்து போட்டு,
மீசை சரியாக முளைக்காத டாக்டர்
ஊசியால் உறிஞ்சினார்.
பாலும் இல்லை, ரத்தமும் இல்லை,
பழைய சந்தன நிறத்தில் ஏதோ.
முப்பது மில்லி என்று எழுதினார்.
எனக்கென்னவோ முப்பத்தைந்தாகப் பட்டது.
இரண்டு நாள் கழித்து மறுபடி,
இந்த முறை எட்டு.

பக்கத்துக் கட்டிலில் மேலூர் ஜெய்லானி பீவி.
அவளுக்குச் சுரக்கவே இல்லை.
ஊறி நனைந்த என் ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் முந்தானையை இழுத்து மூடினேன்.
மூடியிருக்க வேண்டாம்.
அவள் வேறு பக்கம் திரும்பிப் படுத்த பிறகு
இது தோன்றி என்ன.

ராத்திரி, துண்டைக் கடித்துக்கொண்டு,
கால்விரல்களை மடக்கிக்கொண்டு,
இடப்பக்கம் கொடுத்தேன்.
முதல் இழுப்பில் உச்சந்தலைவரை ஒரு கம்பி.
பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடச் சொன்னது உடம்பு.
எண்ணினேன்.
இருபத்தாறில்
முடிச்சு ஒன்று, இழுத்த நூலுக்கு,
சொல்லாமல் அவிழ்ந்தது.
பிள்ளை மடக்கென்று விழுங்கும் சத்தம்.
ஜெய்லானியும் கேட்டிருப்பாள்.

மூன்று மாதம் கழித்து
முகூர்த்தமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை,
கிலோ முந்நூற்று ஐம்பது.
தராசு முன்னால் நிற்கிறேன்.
சம்பங்கி மூட்டைகளுக்குப் பின்னால்
யார் பிள்ளையோ அழுகிறது.
எனக்கு நனைகிறது.
முதலில் வலப்பக்கம்.
முள் ஆடி நிற்கும் நேரம் கழித்து
இடப்பக்கம்.